சோளத்தண்ணீர் தெளித்த பாத்திகள்

அந்த வெங்காயப் பட்டம் முழுக்க நான் ஓரிடத்தில் உட்கார்ந்து சோறு தின்றதாக ஞாபகம் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். "உக்காந்து தின்னு கண்ணு" என்று அம்மா சொல்வாள். உட்காருவேன். இரண்டு வாய் உள்ளே போனதும் ஏதாவது ஒரு பாத்தியில் அடையாளக் கொடி சாய்ந்திருக்குமோ என்ற நினைப்பு வந்துவிடும்.

வேளாண்மையில் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு விதைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பதினொரு மாத ஒப்பந்தம். திட்டம் நன்றாகப் போனால் நீட்டிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நன்றாகப் போவது என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திட்டம் சோளத்தைப் பற்றியது. சோளம் தன் வேரிலிருந்து எண்ணெய் மாதிரி ஒன்றைக் கசியவிடுகிறது. தட்டு எனப்படும் தண்டிலும் தோகையிலும் வேறு சில வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை மழையில் ஊறி மண்ணுக்குள் இறங்கினால் பக்கத்தில் கிடக்கும் சின்ன விதைகள் முளைக்காது. முளைத்தாலும் வேர் ஓடாது. அப்படியானால், காய்ந்த சோளத்தட்டை நறுக்கி ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டிய தண்ணீரை வயற்காட்டில் தெளித்தால் களைக்கொல்லி இல்லாமலே களை குறையுமா? இதைத்தான் பார்க்க வேண்டும். பயிராகச் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்கள். வெங்காயத்தைக் காயாக நடுகிறோம். அது முளைத்து நிற்கும்வரைக்கும் வேண்டிய ஆகாரம் அந்தக் காய்க்குள்ளேயே இருப்பதால் சோளத்தண்ணீர் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. களை விதைகளோ கடுகைவிடச் சிறியவை. மாட்டினால் அவைதான் மாட்டும்.

சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இடம் கிடைத்தது. பன்னிரண்டு பாத்திகள். வெள்ளைக்கொடி நட்ட நான்கில் ஒன்றுமே செய்யக் கூடாது. சிவப்புக்கொடி நான்கில் ஆள் வைத்துக் களை எடுக்க வேண்டும். நீலக்கொடி நான்கில் சோளத்தண்ணீர் மட்டும்தான், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. குறிப்பிட்ட நாட்களில் ஒரு சதுரக் கம்பியைப் பாத்திக்குள் போட்டு, அதற்குள் நிற்கும் களைகளை இனம் வாரியாக எண்ணி எழுதுவது என் வேலை.

சிவப்புக்கொடிப் பாத்திக்கு ஆள் வேண்டுமே என்று பேராசிரியர் கேட்டார். தோட்டத்துக்காரர் சொன்னார், "நம்முளுக்கு எப்பவும் வர்ற ஆளுகளே இருக்குதுங்க. சுத்தமா எடுப்பாங்க."

அந்த எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவள் என் அம்மா.

தோட்டத்துக்காரருக்கு நான் யார் மகள் என்று தெரியும். அம்மா அவரைப் பண்ணாடி என்று கூப்பிடுவாள், நான் சார் என்பேன். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் தலையாட்டுவார். பேராசிரியருக்குத் தெரியாது. நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கவில்லை, சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் வெட்கம்தான்.

முதல் களையெடுப்புக்குப் பெண்கள் வந்த அன்று காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்த ஆனி மாதக் காற்றில் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தமே என்னை நிற்கவிடாது. பெண்கள் பாத்தியின் மண்மேடான பாரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொத்தால் சுரண்டிக்கொண்டே முன்னால் நகர்ந்தார்கள். கூட வந்த பெரியக்கா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, நீலக்கொடியைக் காட்டி அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டாள். நான் சோளத்தைப் பற்றிச் சொன்னேன்.

"சோளக்கட்டை மக்காத காட்டுல எள்ளு தெளிச்சா முளைக்காது. முளைச்சாலும் மஞ்சளா நிக்கும். அதுதானா இது?" என்றாள் பெரியக்கா.

"அதேதானுங்க்கா."

அவள் சற்று நேரம் சுரண்டினாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்ப இது பலிச்சுப்போச்சுன்னா எங்களுக்குக் களையெடுப்பு இருக்காதா கண்ணு?"

எட்டுக் கொத்துகளும் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. நின்றிருக்காது. காற்றுச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

"கொஞ்சம் கொறையுமுங்க. முச்சூடும் இல்லாம போயிராது" என்றேன். எனக்கு அது தெரியாது. அப்படி ஒரு பதிலை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அம்மா பண்ணைக்கீரையை மட்டும் களையிலிருந்து தனியாகப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டே போனாள். களையெடுக்கும் நாளில் எங்கள் வீட்டில் கீரைக் கடைசல் உறுதி.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், "இது செரியா வந்தா உனக்கு வேலை நிக்குமா?"

"நீட்டிப்பாங்கன்னு சொல்றாங்கம்மா."

"வராட்டி?"

"வராட்டியும் ஆராய்ச்சிதானேம்மா. வரலைன்னு எழுதுவாங்க."

"எழுதுவாங்க. உன்னைய வெச்சுக்குவாங்களா?"

நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். சுற்றிலும் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது நிற்பதே இல்லை, ஆனாலும் அன்றைக்குத்தான் அது என் தலைக்குள்ளே ஓடுவது போல இருந்தது.

சோளத்தண்ணீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருக்கும். டிரம்மைத் திறந்தால் புளித்த வாடை வரும். காற்று சற்று ஓய்ந்த நேரம் பார்த்து அதிகாலையில் தெளிப்போம். அப்படியும் பக்கத்துப் பாத்திக்குச் சாரல் போயிருக்குமோ என்று எனக்குப் பயம். தெளித்த மறுநாளே தூறல் விழுந்தது. கழுவிக்கொண்டு போயிருக்குமோ என்று அடுத்த பயம். முதல் எண்ணிக்கை வரைக்கும் தினமும் மொபட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு, கொடியை இன்னும் ஆழமாகக் குத்திவிட்டு வருவேன்.

இன்னொரு பயமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பெரியக்கா கேட்ட கேள்விக்குப் பிறகு, அந்தப் பெண்களில் யாராவது நீலக்கொடிப் பாத்தியைக் கெடுத்துவிடுவார்களோ என்று நான் நினைத்தேன். ஒரு கைப்பிடி களை விதையை அள்ளிப் போட்டால் போதும். என்னைத் தூக்கி வளர்த்த கைகள் அவை. ஆனாலும் நினைத்தேன். சாடைமாடையாக அம்மாவிடம் கேட்கவும் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அவிய அப்படிப்பட்டவிய இல்ல. நீ போயி மூஞ்சியக் கழுவு" என்றாள்.

முதல் எண்ணிக்கை சுமாராகத்தான் வந்தது. நீலக்கொடியில் சாரணை கொஞ்சம் குறைவு, பண்ணைக்கீரையும் குறைவு. கோரை, அருகு எல்லாம் வெள்ளைக்கொடிப் பாத்தியில் நிற்கிற மாதிரியே நின்றன. பேராசிரியர் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொல்லி மடித்துப் பையில் வைத்தார். அவர் கடுமையான ஆள் கிடையாது. வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தை மரத்தடியில் தின்றுவிட்டு, எனக்கும் ஒரு ஊறுகாய்ப் பொட்டலம் தருவார். அந்த "ம்" எனக்குக் கவலைப்படப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன்.

"நீலக்கொடியில கொறையவே இல்லைம்மா. சார் மூஞ்சியே செரியில்ல. இப்படியே போனா எல்லாம் அவ்வளவுதான்."

"எப்ப மறுக்கா எண்ணுவீங்க?"

"ரெண்டு வாரம் கழிச்சு."

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

இரண்டாம் எண்ணிக்கை அன்று நான் முதல் நீலக்கொடிப் பாத்தியில் கம்பியைப் போட்டேன். எண்ணி முடித்ததும் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்தேன். மறுபடி எண்ணினேன். கம்பியைத் தள்ளிப் போட்டு எண்ணினேன். அடுத்த பாத்திக்குப் போனேன். நான்கிலும் அதே கதை. சாரணை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. கீரை அபூர்வமாக இருந்தது. கோரைகூடப் பாதிக்குக் கீழே போயிருந்தது. பக்கத்து வெள்ளைக்கொடியில் வெங்காயத்தாளே தெரியாத அளவுக்குக் களை மூடிக் கிடந்தது.

பேராசிரியர் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். செல்போனில் படம் எடுத்தார். கிழக்கேயிருந்து ஒன்று, மேற்கேயிருந்து ஒன்று. "நல்லா வேலை பார்த்திருக்கீங்கம்மா" என்றார். அந்த வாரமே துறைக் கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு சுற்றினேன். இரண்டாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது கோரை ஞாபகம் வந்தது. கோரை விதையிலிருந்து வருவதில்லை. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. வெங்காயத்தைச் சோளத்தண்ணீர் ஏன் தொடாது என்று எழுதியிருந்தோமோ, அதே காரணத்துக்காகக் கோரையையும் அது சுலபமாகத் தொடாது. முதல் எண்ணிக்கையில் அப்படித்தான் நின்றது. இரண்டே வாரத்தில் எப்படிப் பாதியாகும்?

தோட்டத்துக்காரர் களைக்கொல்லி அடித்திருப்பாரோ என்று முதலில் தோன்றியது. நேராகப் போய்க் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

"நான் மருந்தடிச்சா உங்க சாருகிட்டச் சொல்லாம அடிப்பனா? அதுவுமில்லாம, அடிச்சா எலை கருகாதா? உனக்குத் தெரியாததா அம்மணி?"

எனக்குத் தெரியும். ஒரு இலைகூடக் கருகியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாத்திக்குள் போய் மண்டியிட்டேன். கோரை நின்ற இடங்களில் மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். மண்ணுக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக, ஒடிந்த தண்டின் நுனிகள் இருந்தன. சிலவற்றில் புதுக்குருத்து ஊசி மாதிரி மேலே வந்துகொண்டிருந்தது. கோரையைக் கொத்து போடாமல் கையால் இழுத்தால் அப்படித்தான் ஒடியும். கிழங்கு உள்ளேயே நின்றுவிடும்.

யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. யார் என்று யோசிக்கிற இடத்துக்கு மனசு போகவில்லை, அல்லது நான் விடவில்லை. கெடுக்க வருகிறவர்கள் களையைப் போடுவார்களே தவிர எடுக்க மாட்டார்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் கீரைக் கடைசல். தட்டோடு நடந்துகொண்டிருந்த நான் நின்றேன். அந்த இரண்டு வாரமாக அம்மாவுக்குக் களையெடுப்பே இல்லை. ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு உலர்த்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"கீரை ஏதும்மா?"

"ரோட்டோரம் கெடந்துச்சு."

"எந்த ரோட்டோரம்?"

"தின்னுட்டுப் போயித் தூங்கு அம்மணி."

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் எழுந்தேன். அம்மாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. மொபட்டைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பினேன். தோட்டத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நடை. வண்டியில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் அங்கே இருக்கக் கூடாது என்றும், இருந்தால் போதும், வேறு யாராகவும் இருக்கக் கூடாது என்றும் மாறி மாறி நினைத்தேன்.

இருந்தாள். கடைசி நீலக்கொடிப் பாத்தியில், பாருக்கு ஒரு காலும் வாய்க்காலுக்கு ஒரு காலுமாக, முழங்கால் மடங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்கு. வண்டிச் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்ததைச் சாக்கில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா பண்றே?"

"தெரியுதில்ல."

"இதுல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

கத்தினேன் என்று நினைக்கிறேன். இதனால் மொத்தப் பரிசோதனையும் வீண், இது பொய்க்கணக்கு, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், சார் கூட்டத்தில் படம் காட்டியிருக்கிறார் என்றெல்லாம் சொன்னேன். தலைக்கு மேலே விமானப்படை விமானம் ஒன்று போனது. அது போய் முடிகிறவரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சத்தம் அடங்கியதும் அம்மா சொன்னாள், "எல்லாத்தையும் எடுக்கல கண்ணு. பாதிதான் எடுத்தேன். முச்சூடும் எடுத்தா சந்தேகப்படுவாங்கல்ல. கொத்து போட்டா மண்ணு கெளறுனது தெரியுமுன்னு கைலயேதான் புடுங்குனேன்."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இது பலிச்சா உங்க வேலைதானேம்மா போகும். பெரியக்கா கேட்டப்ப நீயும் அங்கதானே இருந்தே?"

"எனக்குக் காது கேக்காதா? போனாப் போகுது. எனக்கு மொழங்காலு போயி ரெண்டு வருசமாச்சு. இன்னும் எத்தன நாளைக்கு நான் பார்ல உக்கார்றது? உனக்கு வேலை நிக்கோணும்."

"மத்தவங்க?"

அவள் சாக்கின் வாயைச் சுருட்டினாள். பிறகு எழுந்திருக்கக் கையை நீட்டினாள். நான் தூக்கிவிட்டேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சாக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

நான்கு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வதும், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தேன். எண்ணிக்கைத் தாளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. நீலக்கொடிக்கான கட்டம் வரும்போது கை நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நிஜமாகவே யோசித்தேன். அடுத்த பட்டத்தில் இன்னொரு தரம் செய்வார்கள், அப்போது உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று ஒரு சமாதானம். அதற்குள் எனக்கு நீட்டிப்பு வந்திருக்கும் என்பது அந்தச் சமாதானத்துக்குள் ஒளிந்திருந்தது. வீட்டில் அம்மா என்னிடம் சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேங்காய்க் களத்துக்குப் போனாள், வந்தாள்.

ஐந்தாம் நாள் பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். முதலில் "பாத்தியில யாரோ கை வெச்சுட்டாங்க சார்" என்றுதான் ஆரம்பித்தேன். யார் என்று கேட்டார். "களையெடுக்க வர்ற அம்மா சார்" என்றேன். அப்படிச் சொன்ன உடனே எனக்கே தாங்கவில்லை. "எங்க அம்மா சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரே மூச்சில் இரண்டு செய்தி அவருக்கு. எது பெரியது என்று அவருக்கே பிடிபடாத மாதிரி இருந்தது. பிறகு, "உங்க அம்மாதான் வர்றாங்கன்னு ஏன் சொல்லலை?" என்று கேட்டார். களையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

"நாளைக்கு அவங்களைத் தோட்டத்துல பார்க்கணும்" என்றார்.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது, திட்டுவாளோ அழுவாளோ என்று எதிர்பார்த்தேன். "நல்ல சேலையா கட்டிட்டு வரோணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பேராசிரியர் முன்னால் அம்மா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். நான் நான்கடி தள்ளி நின்றேன். தோட்டத்துக்காரர் மோட்டார் ரூம் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாள் எடுத்தீங்கம்மா?"

"அஞ்சாறு நாளுங்க சாரு. ஒரு நாளைக்கு ஒரு பாத்திங்க."

"வெள்ளைக்கொடியில கை வெச்சீங்களா?"

"அங்க எதுக்குங்க? நீலத்துலதான் கொறையோணும்னு புள்ள சொல்லுச்சு. ஒருக்கா மட்டும் கீரைக்காக ரெண்டு கை அங்க எடுத்தனுங்க."

பேராசிரியர் குறிப்பேட்டை எடுத்தார். எந்தப் பாத்தியில் எது, எவ்வளவு என்று கேட்டார். அம்மா ஒவ்வொரு பாத்தியாகக் கையைக் காட்டிச் சொன்னாள். இந்த ஓரத்தில் சாரணை, நடுவில் கோரை, அந்த மூலையில் தொய்யக்கீரை என்று. இடையில் ஒன்று சொன்னாள்.

"சோளத்தண்ணி தெளிச்ச பக்கம் சாரணை தொட்டாவே வந்துருச்சுங்க. வேரு கட்டையா, நுனி கருத்தாப்பல இருந்துச்சு. வெள்ளைக்கொடியில கீரையோட ஒரு சாரணையும் சேந்து இழுபட்டுச்சுங்க, அது மண்ணக் கவ்விட்டு வந்துச்சு. கோரை ரெண்டு பக்கமும் ஒண்ணுதானுங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். குனிந்து நீலக்கொடியிலிருந்து ஒரு சாரணையைப் பிடுங்கினார். வெள்ளைக்கொடிக்குப் போய் இன்னொன்று பிடுங்கினார். இரண்டையும் உதறி உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தூரத்திலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கவும் தோன்றவில்லை.

"இதை எண்ணிக்கையில சேர்க்க முடியாது" என்றார். என்னிடம் சொன்னாரா அம்மாவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

பதிவேட்டில், பாத்திகளில் இடையூறு நேர்ந்ததால் இரண்டாம் எண்ணிக்கை நீக்கப்படுகிறது என்று எழுதினார். யாரால் என்று எழுதவில்லை. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். துறையில் அவர் என்ன சொன்னார், அந்தப் படங்களை என்ன செய்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கடைசிவரை எனக்கு ஊறுகாய்ப் பொட்டலம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. இதற்காகத்தானா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை. அடுத்த பட்டத்தில் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தார்கள். எனக்குப் பதிலாக வந்த பெண் ஒரு தரம் போன் செய்து சதுரக் கம்பி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பட்டம் முடிந்த பிறகு இன்னொரு தரம் பேசினோம். சாரணையும் கீரையும் ஓரளவு குறைந்தன, கோரையும் அருகும் அசையவில்லை, இரண்டு களையெடுப்பில் ஒன்றை வேண்டுமானால் மிச்சப்படுத்தலாம் என்று முடிவு எழுதியிருக்கிறார்கள் என்றாள். அவள் குரலில் பதற்றம் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

தோட்டத்துக்காரர் சோளத்தண்ணீருக்குப் போகவில்லை. டிரம்மில் ஊறவைத்து வடிகட்ட யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டாராம். நட்ட மூன்றாம் நாளே அடிக்கிற களைக்கொல்லி பாட்டில் கடையில் கிடைக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதற்குத்தான் மாறினார்கள். பெரியக்கா இப்போது ஒரு நூற்பாலையில் கழிவுப்பஞ்சு பிரிக்கப் போகிறாள். எட்டுப் பேரில் மூன்று பேர்தான் இன்னும் களைக்கொத்து வைத்திருக்கிறார்கள். அம்மா முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள். நான் மதுக்கரைப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் மேற்பார்வைக்குப் போகிறேன். சம்பளம் மோசமில்லை.

போன மாதம் அம்மாவை ஊசி போடக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இடம் இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்தத் தோட்டத்துக்குப் போகும் பிரிவைத் தாண்டும்போது, இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நான் வராம இருந்திருந்தா எத்தன நாளைக்கும்மா எடுத்திருப்பே?"

அவள் யோசிக்கவில்லை.

"வெங்காயம் புடுங்கற வரைக்கும்."

பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், "உனக்குத் தெரியாமயே முடிஞ்சிருக்கும்."

தெரியாமலே முடிந்திருந்தால் என்று நானும் சற்று நேரம் நினைத்துப் பார்த்தேன். அந்த மேசை, அந்தக் கம்ப்யூட்டர், நீட்டிப்புக் கடிதம். சுவரில் அந்தப் படங்களில் ஒன்றை மாட்டியும் இருப்பார்கள். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய காந்திபுரம் வருவதற்கு இன்னும் ஏழெட்டு நிறுத்தம் இருந்தது. நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.